சொந்தப் படகா, சார்ட்டர் படகா: ஃப்ளோரிடா கீஸில் டைவ் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்கூபா டைவிங்குக்காகப் படகு வாங்க நினைப்பவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள். அடுத்து இன்ஜின் எத்தனை குதிரைசக்தி என்று கேட்கிறார்கள். அதற்கெல்லாம் முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நீங்கள் தண்ணீருக்குள் இருக்கும் ஐம்பது நிமிடமும் படகில் யார் இருப்பார்கள்? இன்ஜினைக் கிளப்பத் தெரிந்த, ரேடியோவில் பேசத் தெரிந்த, உங்கள் காற்றுக்குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமையுள்ள ஒரு ஆள் ஒவ்வொரு தடவையும் கிடைப்பாரா? கிடைப்பார் என்றால் மேலே படியுங்கள், கணக்குப் போடுவோம். கிடைக்கமாட்டார் என்றால், கட்டணம் வாங்கிக்கொண்டு டைவர்களை ஏற்றிப்போகும் சார்ட்டர் படகிலேயே போங்கள். அந்தக் குறையை எவ்வளவு பணம் போட்டாலும் அடைக்க முடியாது.

இங்கே சொல்வதெல்லாம் ஃப்ளோரிடாவின் தென்கோடித் தீவு வரிசையான ஃப்ளோரிடா கீஸை, அதிலும் கீ லார்கோவை மனதில் வைத்து. சொந்தப் படகு டைவிங்குக்கு அமெரிக்காவில் இதைவிடத் தோதான இடம் குறைவு. பவளத்திட்டு கரையிலிருந்து ஐந்தாறு மைல்தான். மொலாசஸ், ஃப்ரெஞ்ச் ரீஃப், எல்போ போன்ற இடங்களில் பெரும்பாலும் 20 முதல் 40 அடி ஆழத்திலேயே பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. 1965-ல் கீ லார்கோ ட்ரை ராக்ஸில் இறக்கிய ‘கிறைஸ்ட் ஆஃப் தி அபிஸ்’ சிலையும் அந்த ஆழத்துக்குள்தான். 1990-ல் கீஸ் முழுவதும் தேசியக் கடல் சரணாலயம் ஆனது. சரணாலயம் போட்டுவைத்திருக்கும் கட்டுமிதவைகளில் (வெள்ளை உருண்டையில் நீலப்பட்டை போட்டவை) யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படகைக் கட்டிக்கொள்ளலாம். முன்பதிவு கிடையாது. முதலில் வருகிறவருக்கு இடம்.

சார்ட்டர் டிக்கெட் எதற்கு

இரண்டு டேங்க் பயணத்துக்கு, அதாவது இரண்டு தடவை இறங்கும் பயணத்துக்கு, கொடுக்கும் காசில் படகு ஒரு பகுதிதான். மீதியெல்லாம் ஆட்களுக்கும் அவர்களுடைய அனுபவத்துக்கும் கொடுப்பது. உரிமம் பெற்ற கேப்டன், ஏணியருகே கைகொடுக்கும் உதவியாளர், ஆக்சிஜன் பெட்டி, காற்று மாறினால் இடத்தை மாற்றும் அறிவு. மேலே வந்ததும் நங்கூரக் கயிற்றை இழுக்காமல் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறீர்களே, அதற்கும் சேர்த்துத்தான்.

கீஸில் இரண்டு வகைப் படகு உண்டு. ஆறு பயணிகள் வரை மட்டும் ஏற்றும் சிறிய படகை ‘சிக்ஸ்-பேக்’ என்பார்கள். ஆறுக்கு மேல் ஏற்றவேண்டும் என்றால் கடலோரக் காவல்படை சோதித்துச் சான்றிதழ் கொடுத்த படகாக இருக்கவேண்டும். சிறியது கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் உங்கள் வேகத்துக்கு டைவ் செய்யலாம். புதிதாகக் கற்றவர்களுக்கு ஆட்கள் அதிகமுள்ள பெரிய படகே நல்லது.

முன்பதிவு செய்யும்போது மூன்று விஷயம் கேளுங்கள். ஆட்களை எண்ணுவது எப்படி? பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொருவரும் தன் குரலில் பதில் சொல்லும் முறைதான் சரி. தலையை எண்ணுவது போதாது. 1998 ஜனவரியில் கிரேட் பேரியர் ரீஃபில் ஒரு படகு இரண்டு டைவர்களை விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பியது. இரண்டு நாள் கழித்துத்தான் அது தெரிந்தது. அவர்கள் கிடைக்கவேயில்லை. அடுத்த கேள்வி: வழிகாட்டி உங்களோடு தண்ணீரில் இறங்குவாரா? ஃப்ளோரிடாவில் பல படகுகளில் டிக்கெட்டோடு வழிகாட்டி வருவதில்லை. இடத்தை விளக்கிவிட்டு உங்களையும் துணை டைவரையும் இறக்கிவிடுவார்கள். வழிகாட்டி வேண்டுமென்றால் தனிக் கட்டணம். கடைசியாக, டேங்கும் மூழ்க உதவும் எடையும் விலையில் சேருமா என்று கேளுங்கள். இது கடைக்குக் கடை மாறும். உதவியாளருக்குக் கொடுக்கும் டிப்ஸையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கு

கீழே உள்ள எண்கள் உதாரணம்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திரும்பக் கூட்டிப் பாருங்கள். கணக்கு போகும் விதம் மாறாது.

24 அடி நீளம், 250 குதிரைசக்தி இன்ஜின், பழைய படகு, 45,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 3,000 டாலர் மதிப்பு குறையும். காப்பீடு 2,000. படகுத்துறையில் உலர் அடுக்கில் வைக்க மாதம் 450 வீதம் 5,400. சர்வீஸும் பழுதும் 3,000. கட்டியிழுக்கும் சேவைக்குச் சந்தா, பதிவு, ஆபத்தில் காட்டும் தீப்பந்தம், தீயணைப்பான் எல்லாம் சேர்த்து 500. மொத்தம் 13,900. இது படகு தண்ணீரைத் தொடாமலே ஆகும் செலவு. வீட்டு முற்றத்தில் டிரெய்லரில் நிறுத்த இடமிருந்தால் 8,500.

கடலுக்குப் போகும் நாளில் செலவு குறைவு. இந்த அளவு படகு சாதாரண வேகத்தில் ஒரு காலனுக்குச் சுமார் 2 மைல் ஓடும். போக ஆறு, வர ஆறு, இடம் மாற இரண்டு மூன்று மைல். நின்று ஓடுவதையும் சேர்த்து 12 காலன் என்று வையுங்கள். காலன் நாலரை டாலர் என்றால் 54. ஒரு டேங்க் நிரப்ப 10 டாலர், ஆளுக்கு இரண்டு டேங்க்.

இரண்டு பேர் டைவ் செய்தால் நாள் செலவு 94. அதே இருவர் சார்ட்டரில் போனால், ஆளுக்கு டிப்ஸோடு 130 வீதம், 260. நாளுக்கு மிச்சம் 166. 13,900-ஐ ஈடுகட்ட வருடத்தில் 84 நாள் போகவேண்டும். முற்றத்தில் நிறுத்தினாலும் சுமார் 51 நாள். வேலைக்குப் போகிற யாருக்கும் அது நடக்காது. நான்கு டைவர்கள் உள்ள குடும்பமாக இருந்தால் சார்ட்டர் 520, சொந்தப் படகு 134, மிச்சம் 386. அப்போது முற்றத்தில் நிற்கும் படகு 22 நாளில் ஈடாகிவிடும். துறையில் வைத்தால் 36. ஆக, படகின் விலையைவிடத் தலைகளின் எண்ணிக்கையும் நிறுத்துமிடமும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

இந்தக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் போனால் படகைப் பார்க்க ஆள் இல்லை. ஒருவர் மேலே இருந்தால் மற்றவர் தனியாக இறங்கவேண்டும். நான்கு பேர் என்றால் இரண்டு இரண்டாக முறை வைக்கலாம், ஆனால் நேரம் இரட்டிப்பாகும். கணவனும் மனைவியும் இருவரும் இறங்க ஆசைப்பட்டு வாங்கும் படகு, மூன்றாவது ஆள் இல்லாமல் முற்றத்திலேயே நிற்கும். படகைக் கட்டுமிதவையில் கட்டிவிட்டு எல்லோரும் இறங்கிவிடுகிறவர்கள் கீஸில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். கயிறு தேய்ந்து அறுந்தாலும், நீரோட்டம் திரும்பினாலும், மேலே வருகிறவர் மயங்கினாலும், படகில் ஆள் இருந்தால் அது சங்கடத்தோடு போகும். இல்லாவிட்டால் உயிர் போகலாம்.

எந்தப் படகு, என்ன மாட்டவேண்டும்

22 முதல் 26 அடிக்குள், நடுவில் ஓட்டுமிடம் உள்ள, அடிப்பாகம் ஆழமான V வடிவப் படகு போதும். இதைவிடச் சின்னது அலையில் உடம்பை உடைக்கும். இதைவிடப் பெரியதை டிரெய்லரில் இழுக்கப் பெரிய வண்டி வேண்டும். இன்ஜினைப் பின்சுவரிலேயே மாட்டாமல் நீட்டிய தாங்கியில் மாட்டி, அதன் இருபுறமும் நிற்கத் தளம் விட்டிருக்கும் படகு டைவருக்கு மிகவும் வசதி. பக்கவாட்டில் கதவு இருந்தால் இன்னும் நல்லது.

பழைய படகு வாங்கும்போது ஒரு சர்வேயருக்குக் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின்சுவரில் ஈரம் ஊறியிருக்கிறதா, இன்ஜின் சிலிண்டர்களின் அழுத்தம் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா, கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பார். வெளுத்திருந்தால் சீல் வழியே தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள். தளத்துக்கு அடியில் இருக்கும் அலுமினிய எரிபொருள் தொட்டியைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். அது அரித்திருந்தால் தளத்தை வெட்டித்தான் எடுக்கவேண்டும். அந்தச் செலவில் படகின் பேரமே அர்த்தமற்றுப்போகும். ஓட்டிப் பார்க்கும்போது காலிப் படகாக ஓட்டாதீர்கள். நிரம்பிய 80 கனஅடி அலுமினிய டேங்க் ஒன்று சுமார் 37 பவுண்டு. எட்டு டேங்க், ஐந்து ஆள், எடைகள், ஐஸ்பெட்டி எல்லாம் ஏறியபின் பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது, தளத்து வடிகால் வழியே தண்ணீர் உள்ளே வருகிறதா என்று பாருங்கள்.

மாட்டவேண்டியவற்றில் முதலிடம் ஏணிக்கு. நடுவில் ஒரே தண்டு, இருபக்கமும் குறுக்குப்படி நீட்டியிருக்கும் ஏணியை வாங்குங்கள். காலில் மாட்டிய துடுப்பைக் கழற்றாமலே ஏறலாம், அலையில் அது பெரிய வரம். கடைசிப் படி தண்ணீருக்குள் குறைந்தது மூன்று அடி இறங்கவேண்டும். படகோடு வரும் சின்ன நீச்சல் ஏணி டேங்க் போட்ட ஆளைத் தாங்காது. அதன் திருகு பிய்ந்து ஆள் பின்னால் விழுவது சாதாரணமாக நடக்கிற விபத்து.

அடுத்தது கயிறுகள். பின்னால் மிதக்கவிட 100 அடி மிதக்கும் கயிறு, நுனியில் ஒரு மிதவை. முன்முனையிலிருந்து பக்கவாட்டாகப் பின்பக்கம் வரை இன்னொரு கயிறு. நீரோட்டம் இருக்கும்போது இறங்கியவர் இதைப் பிடித்துக்கொண்டே முன்னால் போய்க் கட்டுமிதவைக் கயிற்றை அடையலாம், நீந்திக் களைக்கவேண்டாம். டேங்குகளை நிறுத்திவைக்கத் துளைத்தட்டு இல்லாவிட்டால் படுக்கவைத்து ரப்பர்க்கயிற்றால் கட்டுங்கள். கட்டாத டேங்க் அலையில் உருண்டு கால்விரலை நசுக்கும், வால்வை உடைக்கும்.

நங்கூரமும் வேண்டும், கட்டுமிதவை எப்போதும் காலியாக இருக்காது. படகின் நீளத்துக்குச் சங்கிலி, அதன்பின் கயிறு. அமைதியான பகலில் ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு நீளம் விடவேண்டும், காற்று இருந்தால் ஏழு மடங்கு. ஆழத்தோடு முன்முனையின் உயரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்: 30 அடித் தண்ணீர், 4 அடி உயரம் என்றால் 170 அடி கயிறு. மணலில் மட்டும் போடுங்கள். பவளத்தின் மேல் போடுவது சட்டப்படி குற்றம். ஒரு நங்கூரம் நொடியில் உடைக்கும் பவளம் வளர எத்தனையோ ஆண்டு எடுத்திருக்கும். அதைப் பார்க்கத்தானே அங்கே போகிறோம்.

சட்டம் கேட்பது

டைவ் கொடி, சிவப்பில் குறுக்கே வெள்ளைப் பட்டை, படகில் குறைந்தது 20-க்கு 24 அங்குலம் இருக்கவேண்டும். இழுத்துச் செல்லும் மிதவையில் 12-க்கு 12. படகின் உயரமான இடத்தில் பறக்கவேண்டும். ஆள் தண்ணீரில் இல்லாதபோது இறக்கிவிடவேண்டும். திறந்த கடலில் டைவர்கள் கொடியிலிருந்து 300 அடிக்குள் இருக்கவேண்டும். கால்வாய், கழிமுகங்களில் 100 அடிக்குள். அந்த எல்லைக்குள் வரும் மற்ற படகுகள் மிகமெதுவாகத்தான் போகவேண்டும். அவர்கள் கொடியைக் கவனிப்பார்கள் என்று நம்பி மட்டும் மேலே வராதீர்கள்.

1988 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர் 10 குதிரைசக்தி அல்லது அதற்கு மேற்பட்ட படகை ஃப்ளோரிடாவில் ஓட்டப் படகுப் பாதுகாப்புக் கல்வி அட்டை வேண்டும். 26 அடிக்குக் குறைந்த படகுகளில் இன்ஜினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை ஓட்டுபவர் மாட்டியிருப்பது 2021 ஏப்ரல் முதல் கூட்டாட்சி விதி. ஆளுக்கொரு உயிர்க்கவசம், எறிமிதவை ஒன்று, காலாவதியாகாத தீப்பந்தங்கள், தீயணைப்பான், ஒலியெழுப்ப ஏதாவது ஒன்று வேண்டும். டைவர் காற்றூதி மிதக்கப் போடும் அங்கியான பி.சி.டி. உயிர்க்கவசக் கணக்கில் சேராது.

பணம் வாங்குவதில் கவனம். நண்பர்கள் தாங்களாக முன்வந்து அன்றைய எரிபொருளையும் சாப்பாட்டையும் பகிர்ந்துகொள்ளலாம். “வந்தால் ஆளுக்கு 50 டாலர்” என்று விலை சொன்ன நிமிடம் நீங்கள் வாடகைப் படகு ஓட்டுகிறவர் ஆகிவிடுகிறீர்கள். அதற்குக் கேப்டன் உரிமம் வேண்டும். உங்கள் காப்பீடும் அப்போது உதவாது.

ஒரு நாளை நடத்துவது எப்படி

முந்தின இரவே தேசிய வானிலைச் சேவையின் கடல் முன்னறிவிப்பைப் பாருங்கள். திட்டுக்கு உள்ளே இருக்கும் ஹாக் சேனலுக்கு ஒன்று, வெளியே ஃப்ளோரிடா நீரிணைக்கு ஒன்று எனத் தனித்தனியாகக் கொடுப்பார்கள்; திட்டில் டைவ் செய்ய, நீரிணைக்கான முன்னறிவிப்பைத்தான் பார்க்கவேண்டும். 24 அடிப் படகுக்கு இரண்டு அடி அலை வரை நல்ல நாள். மூன்று அடி என்றால் ஏணியில் ஏறுவது ஆபத்தாகிவிடும், தள்ளிப்போடுங்கள். வாடைக்காற்று அடித்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். வெளியே வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. எதிரே வடக்குக் காற்று வரும்போது அலை குட்டையாக, செங்குத்தாக எழும். கோடையில் மதியத்துக்கு மேல் இடிமழை கட்டும். காலையிலேயே போய்ப் பகல் ஒரு மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

எங்கே போகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் வராவிட்டால் காவல்படையைக் கூப்பிடவேண்டும் என்று கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். எரிபொருளை மூன்று பங்காகப் பாருங்கள்: போக ஒன்று, வர ஒன்று, கையிருப்பு ஒன்று. படகின் வடிகால் துளைக்கு அடைப்பான் மாட்டியதா என்று இறக்குவதற்கு முன் கையால் தொட்டுப் பாருங்கள். படகுச் சரிவில் மூழ்கும் படகுகளுக்குப் பெரும்பாலும் காரணம் மறந்துபோன அந்த அடைப்பான்தான்.

போகும் வழியில் தண்ணீரின் நிறத்தைப் படியுங்கள். நீலமும் பச்சையும் ஆழம், வெள்ளை மணல்மேடு, பழுப்பு என்றால் பவளமோ கடற்புல்லோ மேலே வந்துவிட்டது. சூரியன் முகத்துக்கு நேரே இருக்கும்போது நிறம் தெரியாது, வேகத்தைக் குறையுங்கள். தரைதட்டிவிட்டால் இன்ஜினை முறுக்கி வெளியே வர முயலக்கூடாது. அணைத்து, தூக்கிவிட்டு, ஓதத்துக்குக் காத்திருங்கள். புல்வெளியைக் கிழித்தால் அபராதம் பெரிது. ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை சிங்கி இறால் பருவம். ஹாக் சேனல் முழுக்கக் கூண்டு மிதவைகள் நிற்கும், கயிறு பிராப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். ஜூலைக் கடைசியில் புதன், வியாழன் இரண்டு நாள் குறும்பருவம் வரும். அந்த இரண்டு நாளும் டைவுக்கு வேறு ஊர் பாருங்கள்.

கட்டுமிதவையை எப்போதும் காற்றும் நீரோட்டமும் வரும் திசையை நோக்கி, மெதுவாக அணுகுங்கள். மிதக்கும் கயிற்றைக் கொக்கியால் எடுத்து, அதன் கண்ணிவழியே உங்கள் கயிற்றைக் கோத்து, இரு நுனியையும் முன்முனையில் கட்டுங்கள். குட்டையாகக் கட்டினால் ஒவ்வொரு அலைக்கும் வெட்டியிழுத்து இரும்பையே பிடுங்கிவிடும். அலை இருந்தால் பத்துப் பதினைந்து அடி கூடுதலாக விடுங்கள். பின்பக்கத்தை ஒருபோதும் கட்டாதீர்கள். முதலில் இறங்கும் ஜோடியின் முதல் வேலை, கீழே மிதவைச் சங்கிலியையோ நங்கூரத்தையோ பார்ப்பது. தேய்ந்திருந்தால் உடனே மேலே வந்து சொல்லவேண்டும்.

இறங்குவதற்கு முன், படகிலேயே இருக்கப்போகும் படகுக்காவலரோடு ஐந்து நிமிடம் பேசுங்கள். எத்தனை மணிக்கு இறங்குகிறோம், எத்தனை நிமிடம், எந்தப் பக்கம் போவோம் என்று எழுதிக்கொள்ளட்டும். திரும்பி வரச்சொல்லும் ஒலி எது என்று ஒத்துக்கொள்ளுங்கள். ஏணியின் தண்ணீருக்குள் உள்ள பகுதியை இரும்பால் மூன்று மூன்றாகத் தட்டினால் நன்றாகக் கேட்கும். ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனல், ஜி.பி.எஸ்.-இல் இடத்தைப் படிப்பது, ஆக்சிஜன் பெட்டியைத் திறப்பது மூன்றையும் அவர் கையாலேயே செய்யச் சொல்லிப் பாருங்கள். தலையாட்டுவதை நம்பாதீர்கள்.

எப்போதும் நீரோட்டத்துக்கு எதிராகத் தொடங்கி, அதோடு திரும்புங்கள். துணையோடு 15 அடியில் மூன்று நிமிடம் நின்று, பின்கயிற்றருகே மேலே வாருங்கள். ஏணியருகே ஆள் வரும்போது இன்ஜின் நியூட்ரலில் இருந்தால் போதாது; அணைந்திருக்கவேண்டும், சாவி கையில் இருக்கவேண்டும். ஒருவர் ஏறும்போது அடுத்தவர் கீழே நிற்கக்கூடாது, டேங்கும் ஆளும் சேர்ந்து தலையில் விழும். ஓடும் இன்ஜினின் புகை பின்பக்கத்தில்தான் தேங்கும், அங்கே யாரையும் உட்காரவைக்காதீர்கள். ஆழமாக டைவ் செய்து வந்தவர் நங்கூரத்தைக் கையால் இழுக்கவேண்டாம். கடும் உழைப்பு, உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகும் நைட்ரஜன் குமிழி நோய்க்கு வழிவிடும். மேலே இருந்தவர் இழுக்கட்டும்.

இனி, சரியாகப் போகாத நாள். ஒரு ஜோடி நீரோட்டத்தில் அடித்துப்போய் 200 கஜம் தள்ளி மேலே வருகிறது, இன்னொரு ஜோடி இன்னும் கீழே. காவலர் பதறி உடனே கயிற்றை அவிழ்த்தால் கீழே இருப்பவர்கள் வெறும் கடலுக்கு ஏறி வருவார்கள். இதற்கான ஒழுங்கு: முதலில் அடித்துப்போனவர்களுக்குக் கையசைத்துப் பார்த்துவிட்டோம் என்று காட்டுங்கள். அவர்கள் பி.சி.டி.-யை ஊதி, நீள ஆரஞ்சு மிதவையை நிமிர்த்திக்கொண்டு மிதக்கட்டும். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தக்கூடாது. ஜி.பி.எஸ்.-இல் இடத்தைக் குறியுங்கள். ஏணியைத் தட்டிக் கீழே இருப்பவர்களைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். மிதப்பவர்கள் கண்ணைவிட்டு மறையும் நிலை வந்தால் மட்டும், கொடிமிதவையைக் கயிற்றின் நுனியில் கட்டி அங்கே விட்டுவிட்டுப் போங்கள், மேலே வருகிறவர்கள் அதைப் பிடித்துக் காத்திருப்பார்கள். இதைக் கரையிலேயே எல்லோரும் பேசி முடித்திருக்கவேண்டும். நங்கூரம் போட்டிருந்தால் அதன் கயிற்று நுனியில் எப்போதும் ஒரு பெரிய மிதவை தயாராக இருக்கட்டும், அவிழ்த்து அப்படியே விட்டுவிட்டுப் போகலாம்.

குமிழி நோய்க்கான அறிகுறி, அதாவது மூட்டுவலி, மரத்துப்போதல், மிகுந்த சோர்வு, மயக்கம் எது தெரிந்தாலும் உடனே நூறு சதவீத ஆக்சிஜன் கொடுங்கள். நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் கொடுத்தால் 680 லிட்டர் சிலிண்டர் 45 நிமிடம் வரும். கீ லார்கோத் திட்டிலிருந்து கரைக்கு அது போதும்; தூரத்துக்குப் போனால் இரண்டு சிலிண்டர் எடுங்கள். காவல்படையை 16-ஆம் சேனலில் கூப்பிடுங்கள். டைவர்களுக்கு மருத்துவ ஆலோசனை சொல்லும் அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் அவசர எண் 1-919-684-9111, இருபத்துநான்கு மணிநேரமும் எடுப்பார்கள். அதை ஓட்டுமிடத்தில் அழியாத மையில் எழுதி ஒட்டுங்கள்.

திரும்பி வந்தபின்

உப்புதான் எதிரி. ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரை இன்ஜின் வழியே பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். 100 மணிநேரத்துக்கு ஒருமுறை எண்ணெய், வடிகட்டி, கியர் எண்ணெய் மாற்றவேண்டும். தண்ணீர் இறைக்கும் ரப்பர் இம்பெல்லரை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது தேய்ந்தால் இன்ஜின் சூடாகி நடுக்கடலில் நிற்கும். அரிப்பைத் தான் ஏற்கும் துத்தநாகக் கட்டிகள் பாதி கரைந்ததும் மாற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் தேங்கிக் கிடந்தால் தண்ணீரை உறிஞ்சிப் பிரிந்துவிடும், அதனால் தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி கட்டாயம். மாற்று ஒன்று படகிலேயே இருக்கட்டும். இரண்டு பேட்டரி வைத்து, ஒன்றை இன்ஜின் கிளப்ப மட்டும் ஒதுக்குங்கள். டைவின்போது இன்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டும் குளிர்பெட்டியும் ஓடவிட்டால் திரும்பக் கிளப்ப மின்சாரம் இருக்காது. டிரெய்லரின் சக்கர பேரிங்கை மறக்காதீர்கள், கீஸ் நெடுஞ்சாலையில் ஒதுங்க இடம் குறைவு. டேங்குகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை உட்பக்கச் சோதனை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை.

இரண்டுக்கும் நடுவே

படகு வைத்திருந்தாலும் சில இடங்களுக்குச் சார்ட்டரில்தான் போகவேண்டும். 2002-ல் கீ லார்கோவுக்கு அப்பால் மூழ்கடித்த 510 அடிக் கடற்படைக் கப்பல் ஸ்பீகல் குரோவ் அப்படியொன்று. மேல்பகுதியே 60 அடியில் இருக்கிறது, அடி 130. நீரோட்டம் சில நாள் கொடியைப்போல் ஆளைக் கயிற்றில் நீட்டிவிடும். கீஸுக்கு வடக்கே ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையில் ஜூப்பிட்டர், பாயின்டன் பக்கம் நீரோட்டத்தோடு மிதந்து போகும் டைவ்களும் அப்படித்தான். அங்கே படகு கட்டாமல் மிதவையைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். பிராப்பெல்லரும் ஆட்களும் ஒரே தண்ணீரில். அது தொழில்முறைக் கேப்டனின் வேலை.

வாங்கும் முடிவுக்கு முன் ஒரு பருவம் முழுக்க சிக்ஸ்-பேக் படகை மொத்தமாக எடுத்துப் பாருங்கள். ஐந்தாறு நண்பர்கள் பகிர்ந்தால் ஆளுக்கு ஆகும் தொகை பெரிய படகுக் கட்டணத்தை நெருங்கிவிடும். இடத்தையும் நேரத்தையும் நீங்களே சொல்லலாம். உங்கள் கூட்டம் வருடத்தில் உண்மையிலேயே எத்தனை நாள் சேருகிறது என்பதும் தெரிந்துவிடும். நாள்வாடகைக்குப் படகு எடுப்பதாக இருந்தால் ஒப்பந்தத்தில் ஸ்கூபா டேங்க் ஏற்ற அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கூட்டாக வாங்குவது நல்ல வழி, மூன்று பேருக்கு மேல் வேண்டாம். யாருக்கு எந்த வாரக்கடைசி, உடைத்தவர் எவ்வளவு கொடுப்பது, புயல் பருவமான ஜூன் முதல் நவம்பர் வரை எச்சரிக்கை வந்தால் படகை மேலே ஏற்றுவது யார், ஒருவர் விலகினால் பங்கின் விலையை எப்படிப் போடுவது, இவற்றை வாங்கும் முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். காப்பீட்டில் எல்லோர் பெயரும் இருக்கவேண்டும்.

வாங்கியபின் முதல் சில பயணங்களில் டேங்கே ஏற்றாதீர்கள். கட்டுமிதவையைப் பிடிப்பது, விடுவது, தொப்பியைத் தண்ணீரில் எறிந்து அதை ஆளாக நினைத்துத் திரும்பிப்போய் எடுப்பது, இவற்றை மாறி மாறிச் செய்யுங்கள். படகுக்காவலராக இருக்கப்போகிறவர் யார் உதவியும் இல்லாமல் அந்தத் தொப்பியை மூன்று முறை தொடர்ந்து எடுத்தபின் டேங்க் ஏற்றலாம்.